லியரும் ஒரு மறதிக் கிழவியும்

2016ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் லண்டன் ஓல்டு விக் அரங்கில் கிளெண்டா ஜாக்சன் லியர் மன்னராக மேடையேறினார். அவருக்கு அப்போது வயது 80. அதற்கு முந்தைய ஆண்டுவரை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர். 23 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவரை மேடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். இந்த வயதில், இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு, ஆங்கில நாடகத்தின் மிகக் கடினமான வேடங்களில் ஒன்றில், அதுவும் ஓர் ஆண் வேடத்தில், ஒரு பெண்! பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. கொண்டாட வேண்டியதுதான்.

எனக்கு அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் ஒரு நெருடல் இருந்தது, இன்னும் இருக்கிறது. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். தன் தலைமுறையின் மிகக் கூர்மையான நடிகர்களில் ஒருவர் என்று ஆண், பெண் வித்தியாசமில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டவர். அப்படிப்பட்டவர் 80 வயதில் தன் திறமை மொத்தத்தையும் இறக்கிவைக்க ஓர் ஆணின் வேடத்தைத்தான் தேடிப்போக வேண்டியிருந்தது. இது யாருடைய வெற்றி? நானூறு வருட ஆங்கில நாடகத்தில் லியருக்கு ஈடான ஒரு கிழவி எங்கே? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய நடிப்பு வாழ்க்கையை மறுபடி பார்த்தால், அது ஒரு தனிமனுஷியின் சாதனைப் பட்டியலாகத் தெரியவில்லை. பெண்களுக்கு எந்த வயதில் என்ன எழுதிக் கொடுக்கப்படுகிறது என்பதன் கணக்குப் புத்தகமாகத் தெரிகிறது.

ஜாக்சன் பிறந்தது 1936 மே 9ஆம் தேதி, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட்டில். அப்பா கொத்தனார். அம்மா கடையில் நின்றவர், மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்யப் போனவர். நான்கு பெண்களில் மூத்தவருக்கு கிளெண்டா ஃபாரல் என்ற ஹாலிவுட் நடிகையின் பெயரை வைத்தார்கள். பெயர்தான் ஹாலிவுட், 16 வயதில் பள்ளியை விட்டு, பூட்ஸ் மருந்துக்கடையில் இரண்டு வருடம் வேலை. அங்கிருந்து உள்ளூர் நாடகக் குழு, அதிலிருந்து 1954இல் உதவித்தொகையோடு லண்டன் ராடா நாடகப் பள்ளி.

ராடாவில் படித்து முடிக்கும்போது பள்ளியின் முதல்வர் சொன்ன ஒரு விஷயத்தை ஜாக்சன் பிற்காலப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உனக்கு 40 வயதாகும்வரை பெரிதாக வேலை கிடைக்குமென்று எதிர்பார்க்காதே, நீ குணச்சித்திர நடிகை என்றாராம். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. உன் முகம் கதாநாயகி முகம் இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது. அவர் சொன்னதில் பாதி உடனே பலித்தது. ஊர் ஊராகச் சுற்றும் சிறு நாடகக் குழுக்களில் சில வருடங்கள், வேலையில்லாத மாதங்களில் கடையிலும் காப்பி விடுதியிலும் கூலி வேலை. மறுபாதி எப்படித் தலைகீழாகப் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1964இல் பீட்டர் புரூக், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக 'கொடூர அரங்கு' என்ற சோதனை முயற்சிக்கு ஆள் சேர்த்தபோது ஜாக்சன் தேர்வானார். அதில் அவர் செய்த ஒரு காட்சி பேசப்பட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் போர்த்துறை அமைச்சர் புரொஃபுமோவோடு உறவிலிருந்த கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணை பிரிட்டிஷ் பத்திரிகைகள் பிய்த்துத் தின்றிருந்தன. அமைச்சர் பதவி விலகினார். கீலர் வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதாகச் சிறைக்குப் போனார். மேடையில் கீலராக நிற்கும் ஜாக்சனின் உடைகள் களையப்படுகின்றன, குளிப்பாட்டப்படுகிறார், கைதி உடை போடப்படுகிறது. பிறகு அதே பெண் கணவனை இழந்த ஜாக்குலின் கென்னடி ஆகிறார்; குளியல் தொட்டி சவப்பெட்டி ஆகிறது. வேசி என்றும் புனித விதவை என்றும் பெண்ணை இரண்டாகப் பிரித்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பற்றிய காட்சி அது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த விமர்சனத்தைச் சொல்ல ஒரு பெண்ணின் நிர்வாணம்தான் தேவைப்பட்டது, அதுவும் ஒரு வேடிக்கையாகவே பேசப்பட்டது. புரூக் போன்ற மேதைகளைப் படிக்கும் மாணவிகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவது நல்லது.

அடுத்து புரூக் இயக்கிய 'மாரா/சாத்' நாடகத்தில் கொலைகாரி ஷார்லோட் கோர்தே. இது 1967இல் படமாக வந்திருப்பதால் நாமும் பார்க்கலாம். மனநோய் விடுதியில் அடைபட்ட நோயாளிகள் பிரெஞ்சுப் புரட்சி நாடகம் போடுகிறார்கள். கோர்தேயாக நடிக்கும் நோயாளிக்குத் தூக்க வியாதி. அவளைத் தட்டியெழுப்பி வசனம் பேசவைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தொடங்கும் ஜாக்சனின் குரல் மெல்லக் கத்தியின் முனைக்கு வந்து சேரும். ஒரு காட்சியில் முதுகைக் காட்டி மண்டியிட்டிருக்கும் சாத்தை அவள் தன் நீளக் கூந்தலால் அடிக்கிறாள். கூந்தலுக்கு நம் இலக்கியத்தில் எத்தனை உவமை: மேகம், இருள், மயில்தோகை. சாட்டை என்று எங்கும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

1965இல் பீட்டர் ஹால் இயக்கிய 'ஹாம்லெட்'டில் ஒஃபீலியா. அந்த நாடகத்தைப் பார்த்த விமர்சகர் பெனலோப்பி கில்லியட், ஹாம்லெட்டாகவே நடிக்கத் தயாராக இருக்கும் ஒஃபீலியா இவர் ஒருவர்தான் என்ற பொருளில் எழுதினார். பாராட்டுதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய பிரச்சினை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒஃபீலியாவின் வேடம் அவருக்குப் பற்றவில்லை; தைத்துக் கொடுத்த சட்டை தோளில் கிழிகிறது. அவருக்கு அளவான சட்டை இளவரசனிடம் இருக்கிறது. 29 வயதில் எழுதப்பட்ட இந்த விமர்சனம் 80 வயதில் லியராக நிறைவேறியது என்று பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஐம்பது வருடத்தில் பெண்களுக்கான சட்டையைப் பெரிதாகத் தைக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை என்றும் பார்க்கலாம்.

மெனக்கெட்டவர்களில் ஒருவர் அதே கில்லியட். அவர் திரைக்கதை எழுதி ஜான் ஷ்லெசிங்கர் இயக்கிய 'சண்டே ப்ளடி சண்டே' 1971இல் வந்தது. ஜாக்சன் படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆஸ்கர் வாங்கிய 'விமன் இன் லவ்' (1969) படத்தைவிட இது முக்கியம் என்பது என் கட்சி. 'விமன் இன் லவ்'வில் அவருடைய குட்ருன், டி.எச். லாரன்ஸ் பயந்து பயந்து எழுதிய பெண். காட்டு மாடுகளுக்கு முன்னால் ஆடும் காட்சியில் ஜாக்சனின் முகத்தில் தெரியும் திமிர் இன்றும் மிரட்டுகிறது. படப்பிடிப்பின்போது அவர் கருவுற்றிருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் குட்ருன் ஓர் ஆணின் பயம் பெற்ற பிள்ளை. 'சண்டே ப்ளடி சண்டே'யின் அலெக்ஸ் அப்படியில்லை.

அலெக்ஸ் விவாகரத்தானவள், முப்பதுகளில் இருப்பவள், வேலைக்குப் போகிறவள். அவள் காதலிக்கும் இளைஞன் அதே சமயம் ஒரு நடுவயது ஆண் மருத்துவரையும் காதலிக்கிறான். இருவருக்கும் விஷயம் தெரியும். வில்லன் கிடையாது, துரோகம் என்ற சொல்லுக்கு வேலை கிடையாது. கிடைக்கிற பங்கை வைத்துக்கொண்டு வாழ்வதா என்பது மட்டும்தான் கேள்வி. அலெக்ஸின் அம்மாவாக பெக்கி ஆஷ்கிராஃப்ட் ஒரே ஒரு முக்கியக் காட்சியில் வருகிறார்: முழுசாகக் கிடைக்குமென்று நீ காத்திருக்கிறாய், முழுசு என்று ஒன்று இல்லை என்கிறார். எல்லா ஊர் அம்மாக்களும் எல்லா மகள்களிடமும் சொல்லும் அதே பேச்சு. அலெக்ஸ் கேட்டுக்கொள்கிறாள், கடைசியில் அந்தப் பாதியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். இதை ஜாக்சன் செய்யும் விதத்தில் தியாகமும் இல்லை, வீரமும் இல்லை. அலுத்துப்போன ஒருத்தி கணக்கை முடிக்கிறாள், அவ்வளவுதான். நம் அனுதாபத்தை அவர் ஓர் இடத்தில்கூடக் கேட்பதில்லை. நடிப்பில் இது எவ்வளவு அபூர்வம் என்பது, கண்ணீரை ஊற்றித் தராத பெண் வேடத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே 1971இல் பிபிசியின் 'எலிசபெத் ஆர்'. ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தாளர். பதின்வயது இளவரசியிலிருந்து 69 வயதில் சாகும் அரசிவரை, 34 வயது ஜாக்சன். தலைமுடியின் முன்பகுதியை மழித்துக்கொண்டார். சாட்டையாக இருந்த கூந்தல் இங்கே போயே போய்விட்டது. கடைசிப் பகுதியில் வெள்ளைப் பூச்சுக்கும் பொய்முடிக்கும் பின்னால் இருக்கும் அந்த முகத்தில், அழகாக இருப்பதும் ஆட்சி செய்வதும் ஒரே வேலையாகிப்போன ஒரு பெண்ணின் களைப்பு தெரியும். எம்மி விருதுகள் கிடைத்தன. நகைச்சுவையும் வரும் என்பது மோர்கம்–வைஸ் இரட்டையரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிளியோபாட்ராவாக வந்தபோது தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் மெல்வின் ஃபிராங்க் அவரை 'எ டச் ஆஃப் கிளாஸ்' (1973) படத்துக்கு அழைத்தார். இரண்டாவது ஆஸ்கர் அதற்குத்தான். இன்று பார்த்தால் படம் பழசாகிவிட்டது, அவர் பழசாகவில்லை. இரண்டு முறையும் விருது விழாவுக்கு அவர் போகவில்லை. சிலைகளை அம்மா துடைத்துத் துடைத்து முலாமே போய்விட்டது என்று சிரித்துக்கொண்டு சொல்வார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுப் பொருள்களைத் துடைத்தவர் மகளின் ஆஸ்கரையும் துடைத்திருக்கிறார்.

1976இல் ஜாக்சனுக்கு 40 வயது. ராடா முதல்வரின் கணக்குப்படி இனிமேல்தான் வேலை கொட்ட வேண்டும். நடந்தது வேறு. சினிமாவில் வாய்ப்புகள் மெலியத் தொடங்கின. ஸ்டீவி ஸ்மித் என்ற கவிஞரைப் பற்றிய 'ஸ்டீவி' (மேடையில் 1977, படமாக 1978) மட்டும் விதிவிலக்கு: புறநகர் வீடு, வயதான அத்தை, கல்யாணமில்லாத பெண், கவிதை. ஒன்றுமே நடக்காத அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் மனம் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேடையில் யூஜின் ஓ'நீல், இப்சன், லோர்கா என்று பழைய பிரதிகளுக்கே போக வேண்டியிருந்தது. 1986இல் லோர்காவின் 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு'. இயக்கியவர் ஸ்பெயினின் நூரியா எஸ்பெர்ட். மகள்களை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் தாயாக ஜாக்சன். மேடையில் ஆணே கிடையாது, ஆனால் நாடகம் முழுக்க ஆணின் சட்டம்தான் நடக்கும். அதை அமல்படுத்துகிறவள் தாய். எஸ்பெர்ட்டின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

இந்தக் காலத்தில் ஜாக்சன் எல்லாப் பேட்டியிலும் ஒரே குறையைச் சொன்னார். இன்றைய நாடகாசிரியர்களுக்குப் பெண்கள் ஏன் சுவாரசியமாகவே படுவதில்லை? கதையை நகர்த்துகிற விசையாக ஒரு பெண்ணை ஏன் எழுத முடிவதில்லை? 2019இல் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். நாற்பது வருடம் ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்டால் சலித்துப்போகும். பதில் வராதபோது கேள்வியை மாற்ற முடியாதே.

1992இல் அவர் தேர்தலில் நின்றதை 'நடிப்பைத் துறந்து அரசியலுக்குப் போனார்' என்று எழுதுவது வழக்கம். தாட்சர் ஆட்சி நாட்டுக்குச் செய்ததைப் பொறுக்காமல் போனேன் என்பது அவர் சொன்ன காரணம், அதை நம்புகிறேன். ஆனால் 55 வயதில் ஒரு பெண் நடிகருக்குத் துறக்க என்ன மிச்சமிருந்தது என்றும் கேட்க வேண்டும். அதே வயது ஆண் நடிகருக்கு மேக்பெத், பிராஸ்பெரோ, லியர் என்று ஏணி மேலே போகிறது. பெண்ணின் ஏணி கிளியோபாட்ராவோடு முடிந்து, அதற்கு மேல் செவிலித்தாயும் மன்னனின் அம்மாவும்.

ஹாம்ப்ஸ்டெட்–ஹைகேட் தொகுதியை கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து 1,440 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். அந்தத் தேர்தலில் 651 இடங்களில் பெண்கள் வென்றவை 60. நாடாளுமன்றம் என்பது ஒத்திகை போதாத, ஒளியமைப்பு மோசமான, ஒலி அதைவிட மோசமான நாடகம் என்று கேலி செய்தவர், அங்கே சாதாரண வேலைகளைச் செய்தார். 1997இலிருந்து 1999வரை போக்குவரத்துத் துறையில் துணை அமைச்சர். ஈராக் போரின்போது தன் கட்சிப் பிரதமரையே எதிர்த்தார். 2010இல் ஜெயித்தது வெறும் 42 வாக்கில்.

அந்த 23 வருடத்தில் உலகம் முழுக்கப் பார்த்தது ஓர் உரையைத்தான். 2013 ஏப்ரல் 10, தாட்சர் இறந்ததற்கு அவையில் அஞ்சலி. எல்லோரும் புகழ்ந்து முடித்த பிறகு ஜாக்சன் எழுந்தார். லண்டன் கடைவாசல்கள் வீடற்றவர்களின் படுக்கையறையும் குளியலறையுமாக ஆன காலத்தை நினைவுபடுத்தினார். பேராசையும் சுயநலமும் நற்பண்புகளாக மாற்றப்பட்டதைச் சொன்னார். எதிர்வரிசை கூச்சலிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை, அடர்த்தியாக்கினார். மேடைக்காரருக்குத் தெரிந்த வித்தை. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளை நடத்திய, குடும்பங்களைக் காத்த பெண்கள் தன்னை வளர்த்தார்கள், அவர்களுடைய பெண்மைக்கும் தாட்சருக்கும் சம்பந்தமில்லை என்றார். கடைசியில், முதல் பெண் பிரதமர் என்கிறீர்களே, பெண் என்பதற்கு நான் வைத்திருக்கும் பொருளில் அவர் பெண்ணே இல்லை என்ற அர்த்தத்தில் முடித்தார்.

இந்த உரையை மேற்கோள் காட்டும் தோழிகள் நிறைய. உரையின் முக்கால் பங்கோடு எனக்கும் சண்டையில்லை. கொத்தனார் வீட்டு மகள், சுத்தம் செய்யப்போன அம்மாவின் சார்பில் பேசிய பேச்சு அது. ஆனால் அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. தாட்சரைக் கண்டிக்க அவருடைய கொள்கைகள் போதும். அவரைப் பெண் என்ற வரிசையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. இப்படி இருப்பவள் பெண்ணா என்ற அளவுகோலால் அடிவாங்கியவர்கள்தானே குட்ருனும் கோர்தேயும் எலிசபெத்தும்? அவர்களுக்கெல்லாம் உடல் கொடுத்த நடிகர், அரசியலில் அதே அளவுகோலைக் கையில் எடுத்தது எனக்கு உறுத்துகிறது. அவர் நடித்த வேடங்கள் அவர் பேச்சைவிடப் புத்திசாலிகள்.

இனி லியர். நூரியா எஸ்பெர்ட் 2015இல் பார்சிலோனாவில் லியராக நடித்தார். அதைப் போய்ப் பார்த்த ஜாக்சனுக்கு அங்கிருந்துதான் இந்த எண்ணம் வந்தது. ஆக, பெர்னார்தாவை உருவாக்கிய இரண்டு பெண்களும் எண்பதை ஒட்டிய வயதில் ஒரே ஆண் வேடத்தில் வந்து நின்றார்கள். லண்டனில் இயக்கியது டெபோரா வார்னர். 1995இல் ஃபியோனா ஷாவை இரண்டாம் ரிச்சர்டாக மேடையேற்றியவர். கேத்ரின் ஹண்டர் 1997இலேயே லியராக நடித்திருக்கிறார். 2016இல் அதே லண்டனில் ஹேரியட் வால்டர் பெண்கள் மட்டுமே நடித்த ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புரூட்டஸ், நான்காம் ஹென்றி, பிராஸ்பெரோ. ஜாக்சன் தனியாக வரவில்லை.

அவர் லியரை ஆணாகவே நடித்தார். பிரதியை மாற்றி 'அரசி' ஆக்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹீ'யா 'ஷீ'யா என்று ஒரு முடிவெடுக்க வேண்டும். தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டுப் போகலாம், நடித்தவருக்கும் நடிக்கப்பட்டவருக்கும் ஒரே விகுதி. அந்த விகுதி எந்தக் கிழவிக்குக் கிடைக்கிறது, எந்தக் கிழவிக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

லியரின் வசனங்களை ஒரு பெண்ணின் வாயில் வைத்துப் படித்துப் பாருங்கள். மூத்த மகள் கானெரிலின் கருப்பை வறண்டுபோகட்டும் என்று சபிக்கும் இடம். அழுகை வரும்போது, பெண்களின் ஆயுதமான கண்ணீர் என் ஆண் கன்னத்தில் படக்கூடாது என்று கெஞ்சும் இடம். நெஞ்சில் ஏறிவரும் நோயை அவர் 'தாய்' என்று அழைக்கிறார். கருப்பை உடலுக்குள் மேலேறுவதால் வரும் வியாதி என்று அந்தக் காலம் நம்பியது அது. இந்த நாடகத்தில் அம்மா என்று யாருமே இல்லை. மூன்று மகள்களைப் பெற்றவளைப் பற்றிய பேச்சுகூட அநேகமாக இல்லை. கொப்பேலியா கான் 1986இல் வெளிவந்த கட்டுரையில், காணாமல்போன அந்தத் தாய் லியரின் உள்ளேயே ஒளிந்திருப்பதைக் காட்டினார். தனக்குள் இருக்கும் பெண்ணைக் கண்டு அலறும் ஆணை ஒரு பெண் நடிக்கும்போது அந்த அலறல் வேறு மாதிரி கேட்கும். இந்த அளவில் ஜாக்சனின் லியர் அவசியமான லியர்தான்.

வயதாக ஆக ஆண், பெண் என்ற எல்லைகள் மங்கிவிடுகின்றன, அதனால் லியரை நடிப்பதில் விசித்திரம் எதுவுமில்லை என்று ஜாக்சன் சொன்னார். முதியோர் இல்லங்களுக்கு எம்.பி.யாகப் போனபோது கவனித்ததாம். உண்மையாக இருக்கலாம். எல்லை நிஜமாகவே மங்குகிறதென்றால் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்க வேண்டுமே! கேலிக்கூத்தைத் தவிர, 80 வயதில் நல்ல கிழவி வேடம் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கித் திரிகிற ஆண் நடிகரை யாராவது பார்த்திருக்கிறோமா? ஏங்கும்படி அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

2018இல் பிராட்வேயில் எட்வர்ட் ஆல்பியின் 'மூன்று உயரமான பெண்கள்', அதற்கு டோனி விருது. ஆல்பி தன் வளர்ப்புத் தாயை வைத்து எழுதிய 92 வயதுப் பெண் அது. 2019இல் வேறொரு தயாரிப்பில் பிராட்வேயில் மறுபடி லியர். இரண்டையும் வேகமாகத் தாண்டி, அதே வருடம் டிசம்பரில் பிபிசியில் வந்த 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' படத்துக்கு வருகிறேன். நான் தேடிய கிழவி அங்கேதான் இருந்தார்.

எம்மா ஹீலியின் நாவல், ஆண்ட்ரியா கிப்பின் திரைக்கதை, ஆஷ்லிங் வால்ஷின் இயக்கம். மூவரும் பெண்கள். மோட் என்ற மூதாட்டிக்கு மறதி நோய். சட்டைப் பையிலும் சுவரிலும் துண்டுச் சீட்டுகள். தோழி எலிசபெத்தைக் காணோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தோட்டத்து மண்ணில் கிடைத்த உடைந்த பவுடர் டப்பா ஒன்று, போருக்குப் பிறகு காணாமல்போன அக்காவின் நினைவைக் கிளறுகிறது. லியருக்குக் கொடுத்த 'அவர்' விகுதியை மோட்டுக்கும் நான் வேண்டுமென்றே கொடுக்கிறேன்.

லியருக்குப் புத்தி பேதலிக்கும்போது புயல் அடிக்கிறது, இடி இடிக்கிறது, கூடவே கோமாளியும் விசுவாசியான கெண்ட்டும். மொழி உயர்ந்துகொண்டே போகிறது. பைத்தியத்தில் அவர் முன்னைவிடப் பெரிய கவிஞர். மோட்டுக்கு அடுப்பங்கரையும் பேருந்து நிறுத்தமும். மொழி அவரிடமிருந்து வார்த்தை வார்த்தையாக உதிர்கிறது. ஜாக்சனின் முகத்தில் ஒரு சொல்லைத் தேடிப்போகிற பயணமும், பாதி வழியில் எதைத் தேடினோம் என்பதே தொலைவதும், தொலைந்தது எதிரிலிருப்பவருக்குத் தெரிந்துவிட்டதோ என்ற அவமானமும், அதை மறைக்க வரும் சிடுசிடுப்பும் நான்கு நொடிகளில் வந்து போகின்றன. லியருக்கு நூறு வரிகளில் நடப்பது இது. இங்கே ஒரு வரிகூட இல்லை.

மோட் இனிமையான பாட்டி இல்லை. சுடுசொல் பேசுகிறார், கோபத்தில் கை ஓங்குகிறார். எப்போதாவது வந்துபோகும் மகனிடம் மலர்கிற முகம், தினமும் பார்த்துக்கொள்ளும் மகள் ஹெலனிடம் கடுக்கிறது. வீட்டில் வயதானவரைப் பராமரிக்கும் மகள்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்துவார்கள். ஹெலனைப் பார்த்த பிறகு நான் ஷேக்ஸ்பியரை மறுபடி திறந்தேன். நூறு வீரர்களோடு அப்பா வந்து தங்கியிருக்கிறார், வீடு சத்திரமாகிவிட்டது என்று கானெரில் புலம்புவதை நாம் ராட்சசியின் வாய்ச்சொல்லாகவே படித்து வந்திருக்கிறோம். நூறு பேருக்கும் சோறும் படுக்கையும் யார் பொறுப்பு என்று அந்த நாடகம் கேட்பதேயில்லை. கானெரில் பிறகு செய்யும் கொடுமைகளுக்கு இது சமாதானம் ஆகாது. ஆனாலும் அந்த முதல் புகாரில் ஹெலனின் குரல் கேட்கத்தான் செய்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், மோட் சொல்வதில் உண்மை இருக்கிறது. அக்கா கொல்லப்பட்டிருக்கிறார், எழுபது வருடமாக மண்ணுக்கடியில் கிடந்த அந்த உண்மையை, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லாத மூளை தோண்டி எடுக்கிறது. லியர் தன் முட்டாள்தனத்துக்கு விலை கொடுப்பவர். மோட் முட்டாள் என்று முத்திரை குத்தப்பட்டும் சாட்சி சொல்ல முயல்பவர். ஒரு பெண்ணின் சாட்சியத்தை நம்பாமலிருக்க உலகம் எத்தனையோ காரணங்களை வைத்திருக்கிறது. வயசாகிவிட்டது என்பது அதில் மிக வசதியானது. ஜாக்சனின் நடிப்பில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், லியரை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்வேன். பாஃப்டா கிடைத்தது, சர்வதேச எம்மி கிடைத்தது. ஆனாலும் 2023 ஜூன் 15ஆம் தேதி அவர் 87 வயதில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் மோட்டைவிட லியருக்குத்தான் இடம் அதிகம். மன்னர் மன்னர்தான்.

கடைசிப் படம் 'தி கிரேட் எஸ்கேப்பர்' அவர் இறந்த பிறகு அக்டோபரில் வந்தது. முதியோர் இல்லத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, நார்மண்டித் தரையிறக்கத்தின் 70ஆவது ஆண்டு நினைவுக்குப் போன ஒரு முன்னாள் கடற்படை வீரரின் உண்மைக் கதை. வீரராக மைக்கேல் கெய்ன், மனைவி ஐரீனாக ஜாக்சன். இருவரும் இதற்குமுன் சேர்ந்து நடித்தது 1975இல், ஜோசஃப் லோசியின் 'தி ரொமான்டிக் இங்கிலிஷ்வுமன்' படத்தில். அதில் மனைவி தனியாக பாடன்-பாடனுக்குக் கிளம்பிப் போவாள். கணவன் வீட்டில் உட்கார்ந்து, அவள் அங்கே என்ன செய்கிறாளோ என்று கற்பனை பண்ணிப் புழுங்குவான். 48 வருடம் கழித்துக் கப்பலும் கடலும் கெய்னுக்கு. ஜாக்சனுக்கு ஓர் அறை, ஒரு நாற்காலி, பேச்சுத் துணைக்கு இளம் பராமரிப்புப் பணியாளர் ஒருத்தி. அந்த நாற்காலியில் இருந்தபடி, கணவனின் சாகசத்தைப் பற்றி யார் பரவசப்பட்டாலும் ஐரீன் அவர்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்க்கிறார்.